அரச காசா, ஊர்க் காசா? பழைய ரோமக் காசுகளைப் பிரித்தறிவது எப்படி

மடுல்சீமையில் எங்கள் வீட்டுக்குப் போன வருடம் அக்கா வந்தார். பெரியம்மாவின் மகள். 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போன குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அப்போது அவருக்குப் பத்து வயது. பிறகு மன்னார்ப் பக்கம் கல்யாணம், பிள்ளைகள், இடப்பெயர்வுகள், முள்ளிவாய்க்கால், மெனிக் பாம் முகாம். அத்தான் 2009-ல் மாத்தளனில் செல் விழுந்து இறந்துபோனார்.

அக்கா மருந்து போடும் சிறிய பொலித்தீன் பை ஒன்றை மேசையில் வைத்தார். "தம்பி, நீ சரித்திரம் படிப்பிச்சவன்தானே. இத பாரு. ஒருத்தர் வந்து ரோமக் காசுன்னு சொல்றாரு. பாதி உண்மை, பாதி பொய்யின்னு சொல்லி, எல்லாத்தையும் சேர்த்து இருபத்தையாயிரம் தாறேன்னாரு."

பைக்குள் பதினொரு காசுகள். பத்து, விரல் நகத்தளவு செம்புக் காசுகள். அவை 2007-ல் அடம்பன் பக்கம் அத்தான் பங்கர் வெட்டும்போது கிடைத்தவை. ஒன்று மட்டும் பெரியது, வெள்ளி போல மின்னியது. அது முகாமிலிருந்து வெளியே வந்தபின், பழைய கடனுக்குப் பதிலாக ஒருவர் கொடுத்தது.

அத்தான் கையால் எடுத்த பொருட்களில் அக்காவிடம் மிஞ்சியது இந்தப் பத்துக் காசுகள் மட்டுமே. மகளுக்குப் படிப்புச் செலவு இருக்கிறது. எனவே எது உண்மை, எது பொய் என்ற கேள்வி எங்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் பங்கர் வெட்டியபோதும், கிணறு தோண்டியபோதும், மீள்குடியேறிக் காணி துப்புரவாக்கியபோதும் இப்படிக் காசு கண்டவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காகவே நான் படித்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ரோமக் காசு இங்கே எப்படி வந்தது?

முதலாம் நூற்றாண்டில் எழுதிய ரோமரான பிளினி ஒரு கதையைச் சொல்கிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் ஆள் ஒருவன் காற்றில் அடிபட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தான். அவனிடமிருந்த வெள்ளித் தெனாரிகளை அரசன் பார்த்தான். வெவ்வேறு பேரரசர்களின் தலைகள் இருந்தும், எல்லாக் காசும் ஒரே எடை. இதைக் கண்டு ரோமரின் நேர்மையை அரசன் வியந்தானாம். கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் அந்த அரசன் செய்த சோதனை சரியானது. தலையைப் பார்த்து மயங்காமல் எடையைப் பார்த்தான். கொழுந்துக் கூடையைத் தராசில் வைத்துவிட்டு முள்ளையே பார்த்து நின்ற எங்கள் அம்மாக்களுக்கு இது புதிய பாடமல்ல.

தமிழ்நாட்டில் அகஸ்தஸ், திபேரியஸ் காலத்து வெள்ளியும் பொன்னும் நிறையக் கிடைத்துள்ளன. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த ஒரே புதையலில் 501 பொற்காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை மீது உளியால் வெட்டுப் போடப்பட்டிருந்தது. இலங்கையில் நிலைமை வேறு. இங்கே அதிகமாகக் கிடைப்பவை 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 5-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்த சிறிய செம்புக் காசுகள். தமிழ்நாட்டிலும் இவை உண்டு. கரூர் அமராவதி ஆற்றுப்படுகை, மதுரை ஆகிய இடங்களில் கிடைத்தவற்றைத் தொகுத்து, தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-ல் நூலாக வெளியிட்டார்.

இலங்கையின் தெற்கில் திஸ்ஸமகாராம, மாத்தறைப் பகுதிகளில் இவை கிடைத்துள்ளன. பண்டாரவளைப் பக்கம் பிறக்கும் கிரிந்தி ஓயா திஸ்ஸமகாராம வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. வடக்கில், யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் 1917-ஐ அண்டிய ஆண்டுகளில் போல் ஈ. பீரிஸ் ஆராய்ந்தபோது ரோமக் காசுகளும் கிடைத்தன. அடம்பனுக்கு அருகிலிருக்கும் மாந்தை, அதாவது திருக்கேதீச்சரச் சூழல், பழைய பெரும் துறைமுகம். அங்கே ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் 1980-ல் தொடங்கிய அகழாய்வு 1984-ல் போரால் நின்றுபோனது. ஆராய்ச்சியாளர் விட்டுப்போன மண்ணைப் பிறகு பங்கருக்காக நாங்கள் தோண்டினோம்.

"பொய்க் காசு" என்று எல்லாவற்றையும் சொல்ல முடியாது

வியாபாரி சொன்னது போல உண்மை, பொய் என இரண்டு வகை மட்டும் இல்லை. குறைந்தது நான்கு வகை உண்டு.

ஒன்று, ரோமப் பேரரசின் அக்கசாலைகளில் அடித்த அரச காசு.

இரண்டு, அக்காலத்திலேயே மக்கள் தேவைக்காக அடிக்கப்பட்ட ஊர்க் காசு. ரோம நாட்டுக்குள்ளும் இது நடந்தது. 3-ஆம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சிலும் பிரித்தானியாவிலும் சில்லறை போதாமல் அரச காசைப் பார்த்து ஏராளமான காசுகள் அடிக்கப்பட்டன. இலங்கையிலும் அப்படியே. ரோமச் செம்புக் காசைப் பார்த்து அடித்த சிறு காசுகள் மாத்தறைக்கு அருகே நைமனை என்ற ஊரில் கிடைத்ததால், அவற்றை நாணய ஆய்வாளர்கள் நைமனை வகை என்கிறார்கள். எச். டபிள்யூ. கொட்ரிங்டன் 1924-ல் எழுதிய இலங்கை நாணய நூலிலும், ரைன்ஹோல்ட் வால்பர்க் 2008-ல் வெளியிட்ட பெரிய நூலிலும் இந்தப் போலச் செய்த காசுகள் பேசப்படுகின்றன. அவை எங்கே, எந்தக் காலத்தில் அடிக்கப்பட்டன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

மூன்று, அக்காலத்து ஏமாற்றுக் காசு. உள்ளே செம்பு, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. தேய்ந்த இடத்தில் உள்ளேயிருக்கும் சிவப்பு தெரியும்.

நான்கு, நம் காலத்தில் சுற்றுலாப் பயணிகளையும் சேகரிப்பவர்களையும் ஏமாற்றச் செய்த போலி.

மூன்றாவதும் நான்காவதும் ஏமாற்று. இரண்டாவது அப்படியல்ல. கோப்பிக் காலத்தை நினைத்துப் பாருங்கள். அரசாங்கச் சில்லறை போதாதபோது கொழும்பின் கோப்பி ஆலைகள் தங்கள் பெயரிலேயே டோக்கன் அடித்துக் கூலி கொடுத்தன. 1843 என்று ஆண்டு பொறித்த, ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வேகந்தை ஆலை டோக்கனை நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். அரசன் தலை இல்லாவிட்டாலும் அதை வாங்கிய கைக்கு அது கூலிதான். ஊர்க் காசும் அத்தகையது. ஊர்ச் சந்தையில் யாரோ அதை நம்பி அரிசி அளந்து கொடுத்திருக்கிறார்கள்.

பார்க்க வேண்டிய ஏழு விஷயங்கள்

ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஏழையும் பார்த்து, எந்தப் பக்கம் சாட்சி அதிகமோ அந்தப் பக்கம் சாயுங்கள்.

1. எடையும் அளவும். கொழுந்துத் தராசு இதற்கு உதவாது. நகைக்கடையில் கிராமின் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசு இருக்கும். நாங்கள் பசறையில் ஒரு கடையில் நிறுத்தோம். 4-ஆம் நூற்றாண்டு அரச காசில் சற்றுப் பெரிய வகை 17 மில்லிமீற்றர் அளவிலும் ஒன்றரை முதல் இரண்டரை கிராம் வரையிலும் இருக்கும். சிறிய வகை 12 முதல் 14 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு கிராம். ஊர்க் காசுகள் பெரும்பாலும் இதைவிடச் சிறியவை, இலேசானவை, ஒன்றுக்கொன்று எடை ஒத்துவராதவை. ஆனால் தேய்ந்த அரச காசும் எடை குறையும். அதனால் எடை தனியாகத் தீர்ப்புச் சொல்லாது.

2. தலைப்பக்க எழுத்து. அரச காசில் பேரரசரின் தலையைச் சுற்றி இலத்தீன் எழுத்து ஓடும். "டி.என்." என்று தொடங்கும், "எங்கள் தலைவர்" என்பதன் சுருக்கம். பிறகு பெயர். தியோதோசியஸ், ஆர்க்காதியஸ், ஹொனோரியஸ் ஆகிய பெயர்களே இங்கே அதிகம் காணப்படுபவை. கடைசியில் "பி.எஃப். ஏ.வி.ஜி." என்று முடியும். யு எழுத்தை அவர்கள் வி போலவே எழுதினார்கள். தேய்ந்த காசிலும் இரண்டு மூன்று எழுத்தாவது வரிசையாகப் படிக்க முடிந்தால் அது நல்ல சாட்சி. ஊர்க் காசில் அச்சு வெட்டியவருக்கு இலத்தீன் தெரியாது. அதனால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடுகளும் புள்ளிகளும் வட்டங்களுமே இருக்கும். தமிழ் படிக்கத் தெரியாதவர் தமிழ்ப் பலகையைப் பார்த்து வரைந்தால் எப்படியிருக்குமோ, அப்படி.

3. முகம். அரச காசில் தலையில் முத்துப் பட்டை, பின்னால் அதன் முடிச்சு, தோளில் போர்வையின் மடிப்பு ஆகியவை அளவோடு இருக்கும். ஊர்க் காசில் முகம் கோட்டுப் படமாகிவிடும். கண் ஒரு புள்ளி, மூக்கு ஒரு கோடு, போர்வை சில வளைகோடுகள்.

4. பின்பக்கம். இங்கே கிடைக்கும் அரச காசுகளில் சில உருவங்கள் திரும்பத் திரும்ப வரும். கொடிக்கம்பத்தின் இருபுறமும் இரண்டு வீரர்கள் நிற்பது 330-களைச் சேர்ந்தது. விழும் குதிரைவீரனை ஈட்டியால் குத்தும் போர்வீரன் 348-க்குப் பிந்தியது. கைதியை இழுத்துச் செல்லும் இறக்கை வைத்த வெற்றித் தேவதை 388-க்குப் பிந்தியது. பேரரசருக்கு வெற்றித் தேவதை மாலை சூட்டுவது 395-ஐ அடுத்தது. மூன்று பேரரசர்கள் வரிசையாக நிற்பது 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஊர்க் காசிலும் இதே உருவங்கள்தான், ஆனால் குச்சி மனிதர்களாக. சிலவற்றில் சிலுவையும் புள்ளிகளும் மட்டும் இருக்கும். தலைப்பக்கம் ஒரு பேரரசரையும், பின்பக்கம் அவர் காலத்தில் அடிக்காத உருவத்தையும் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

5. அக்கசாலைக் குறி. பின்பக்க உருவத்தின் காலடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே சில எழுத்துகள். "ஏ.என்.டி." என்றால் அந்தியோக்கியா. "ஏ.எல்.ஈ." என்றால் எகிப்தின் அலெக்சாந்திரியா. "சி.ஓ.என்.எஸ்." என்றால் கொன்ஸ்தாந்திநோபிள். இந்தக் குறி சரியாக இருந்தால் காசு எந்த ஊரில் பிறந்தது என்றே சொல்லிவிடலாம். ஊர்க் காசில் இது இருக்காது, அல்லது அர்த்தமில்லாத கீறலாக இருக்கும்.

6. இரண்டு அச்சுகளின் திசை. காசின் தலைப்பக்கம் நேராக இருக்கும்படி இரண்டு விரலால் பிடித்துத் திருப்புங்கள். அரச காசில் பின்பக்க உருவம் பெரும்பாலும் நேராகவோ சரியாகத் தலைகீழாகவோ இருக்கும். ஊர்க் காசில் எந்தத் திசையிலும் சாய்ந்திருக்கலாம். பத்துக் காசுகள் ஒன்றாகக் கிடைத்தால் இந்தச் சோதனை மிகவும் உதவும்.

7. விளிம்பும் களிம்பும். பழைய காசு, அரசனுடையதானாலும் ஊருடையதானாலும், சம்மட்டியால் அடிக்கப்பட்டது. விளிம்பில் சிறு வெடிப்பு இருக்கலாம். உருவம் மையம் விலகி, பாதி எழுத்து வெளியே போயிருக்கலாம். இவை குறையல்ல. நவீன போலி பெரும்பாலும் உருக்கி வார்த்தது. விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் குமிழித் துளைகள், சோப்புக் கட்டியில் வரைந்தது போன்ற மழுங்கல் ஆகியவை அதன் அடையாளம். நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த செம்பின் பச்சைக் களிம்பு உலோகத்தோடு இறுகியிருக்கும். பூசிய பச்சை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு ஓரத்தில் தடவினாலே கரைந்து வரும்.

ஒரு எச்சரிக்கை. புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் போட்டுத் துலக்காதீர்கள். குத்துவிளக்குப் போலப் பளபளக்கும்; ஆனால் எழுத்து போய்விடும். மண் இருந்தால் மழைநீரில் ஊறவைத்து மென்மையான துணியால் ஒற்றினால் போதும். கைத்தொலைபேசிக் கமராவில் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் அப்போது தெரியும்.

எங்கள் பதினொரு காசுகள்

மூன்று நாள் எடுத்தது. பத்துச் செம்புக் காசுகளில் ஐந்து அரச காசுகள். ஒன்றில் ஆர்க்காதியஸ் பெயரின் நடு எழுத்துகள் தெரிந்தன. இரண்டில் கைதியை இழுக்கும் வெற்றித் தேவதை. நான்கு ஊர்க் காசுகள். அவை 0.6 முதல் 0.9 கிராம் வரை. எழுத்துக்குப் பதில் கோடுகள். நான்கும் நான்கு திசையில் திரும்பின. ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. அப்படி ஒன்று எப்போதும் மிஞ்சும். அதை "தெரியவில்லை" என்றே எழுதி வைக்க வேண்டும்.

வெள்ளிக் காசுதான் அக்கா அதிகம் நம்பியது. ஒருபக்கம் திபேரியஸ் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். உலகில் அதிகமாகப் போலி செய்யப்படும் ரோமக் காசுகளில் இதுவும் ஒன்று. நல்ல தெனாரி நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இது ஐந்தைத் தாண்டியது. விளிம்பில் ஒட்டுக்கோடு. நவீன வார்ப்பு.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அவரு எடுத்ததெல்லாம் நல்லதுதான்?" என்று கேட்டார். "எல்லாம் பழசுதான் அக்கா. அதுல நாலு இந்தப் பக்கத்து ஆளுங்களே அடிச்சது" என்றேன்.

விலை, சட்டம், பயம்

இப்போது கடினமான பகுதி. தேய்ந்த சிறு ரோமச் செம்புக் காசுகள் உலகச் சந்தையில் மிகச் சாதாரணமானவை. லட்சக்கணக்கில் தருகிறேன் என்பவர் ஏமாற்றுகிறார், அல்லது உங்களை வைத்து நிலம் தோண்டப் பார்க்கிறார். இலங்கையில் அவற்றை இப்படி விற்பதும் சட்டப்படி சிக்கல். 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2-க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. மண்ணிலிருந்து கிடைத்ததை அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி அதற்காகத் தோண்டவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாது.

"போய்க் கொடுத்தா எங்க தோண்டின, ஏன் தோண்டினன்னு கேப்பாங்களே" என்றார் அக்கா. இந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. விசாரணை என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் வேறு அர்த்தம் இருக்கிறது. 1948-ல் குடியுரிமை பறிபோன குடும்பத்தில் பிறந்து, பிறகு முகாமில் பதிவுக்காக வரிசையில் நின்ற பெண்ணுக்கு அலுவலக வாசல் இலேசான இடமல்ல. அதனால் நாங்கள் தனியாகப் போகவில்லை. தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் முதலில் பேசினோம். எல்லாவற்றையும் கடிதமாக எழுதி, படமும் எடையும் இணைத்து, பிரதி எடுத்து வைத்துக்கொண்டோம். பல்கலைக்கழகத் தொல்லியல் ஆசிரியர்கள் மூலம் போவதும் நல்ல வழி. வட இலங்கை நாணயங்கள் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ப. புஷ்பரட்ணம் போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தத் துறைக்கு இப்படியான தகவலின் பெறுமதி தெரியும்.

ஏனென்றால் காசை விடப் பெரியது, அது கிடைத்த இடம். இடம் தெரியாத காசு ஒரு செம்புத் துண்டு. இடம் தெரிந்தால் அது சாட்சி. ஒரே குழியில் அரச காசும் ஊர்க் காசும் சேர்ந்து கிடந்தன என்பது, இரண்டும் ஒரே பையில், ஒரே கையில் புழங்கியிருக்கலாம் என்பதைக் காட்டும். அக்காவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பாலை மரத்துக்கு நடுவுல. அவரு இடுப்பளவுக்கு இறங்கியிருந்தாரு. கருப்பு மண்ணு, ஓட்டுத் துண்டும் வந்திச்சு. சின்னவ அழுதா, நான் மேல நின்னேன்." நான் அதை அப்படியே எழுதினேன். எந்த வியாபாரியும் கேட்காத கேள்வி அது.

உங்களிடமும் காசு இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். துலக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனிக் கடதாசியில் மடித்து இலக்கம் இடுங்கள். இருபக்கமும் அளவுகோலோடு படம் எடுங்கள். எடை எழுதுங்கள். யார், எப்போது, எங்கே, எவ்வளவு ஆழத்தில், கூட என்ன கிடைத்தது என்பதை நினைவுள்ளவர் உயிரோடு இருக்கும்போதே எழுதி வையுங்கள். சரியான இடம் பற்றிய விவரத்தைப் பொதுவில் போடாதீர்கள். புதையல் தோண்டுபவர்கள் வருவார்கள். பிறகு துணையோடு போய் அறிவியுங்கள். ரசீது வாங்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

அக்கா பத்துக் காசுகளையும் கொடுத்துவிட்டார். கண்டெடுத்தவர் பெயர் என்ற இடத்தில் அத்தானின் முழுப்பெயரை எழுதச் சொன்னார், எழுதினோம். இருபத்தையாயிரம் வரவில்லை. மகளின் படிப்புக்குச் சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து மாதாமாதம் கொடுக்கிறோம். பொலித்தீன் பையில் இப்போது ரசீதும், படங்களின் பிரதியும், அந்த வார்ப்புத் திபேரியஸும் இருக்கின்றன. போலியை யாருக்கும் அறிவிக்கத் தேவையில்லை. அதை மகள் தன் கூட்டாளிகளுக்குக் காட்டி, ஒட்டுக்கோடு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்கிறாள்.